கைராசிக் கடவுச்சொல்

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று தொடங்கி நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று, உச்சந்தலையில் கை வைத்து, மாரியம்மன் சாட்சியாக உறுதி கூறுகிறேன். நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சவும் மாட்டேன். உரக்கடைக்காரர் ஓசியில் கொடுத்த டைரி தைப்பொங்கலில் இருந்து சும்மா கிடக்கிறது. அதற்கும் ஒரு விமோசனம் வேண்டுமே.

இன்று கோயிலில் பூச்சாட்டு, திருவிழாவின் முதல் நாள். குழாய் ஸ்பீக்கர் கட்ட வேப்பமரத்தின் உச்சாணியில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வடக்கே சென்னிமலையும், கொஞ்சம் எக்கினால் இமயமலையும் தெரியும். சட்டைப்பையில் போன் ஒரு துள்ளு துள்ளியது. எடுத்தேன். திரை முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்து, இன்னொரு தடவை விடிகிறது என்று நினைத்து நாலு ஊர்ச் சேவல்கள் மறுபடி கூவின.

நடுவில் எழுதியிருந்தது: ‘உங்கள் கடவுச்சொல் தரவுக் கசிவில் காணப்பட்டது. உடனே மாற்றவும்.’

தொலைத்தால்தானே ஒரு பொருள் எங்காவது காணப்படும்? நான் எதையும் தொலைக்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு ஸ்பீக்கரைக் கட்டினேன்.

ஏப்ரல் 8, புதன்

மறுபடி சிவந்தது. கவிழ்த்து வைத்தேன். கவிழ்ந்தபடியே சிவந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

நாளைய உலகம் இந்த டைரியைத் தோண்டி எடுக்கும்போது யார் எழுதியது என்று குழம்பக்கூடாது. ஆகவே: நாச்சிமுத்து, நாச்சி சவுண்ட் சர்வீஸ், வட்டமலைப்பாளையம். காங்கயத்திலிருந்து கூப்பிடு தூரம், அதாவது நான் கூப்பிட்டால். திருவிழாவில் கைதவறிய பிள்ளை, கழன்ற கொலுசு, காணாமல்போன வண்டிச் சாவி எல்லாம் என் மைக் வழியாகத்தான் வீடு திரும்பும். ஒரு முகூர்த்தத்தில் தொலைந்துபோன மாப்பிள்ளையை அறிவித்தேன். சுற்று வட்டாரத்திலிருந்து மூன்று மாப்பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பெண் வீட்டார் பொறுக்கிக்கொண்டார்கள்.

மைக்கை விடப் பெரிது என் கைராசி. நான் முதல் நாற்று நட்ட காட்டில் வெங்காயம் ஒவ்வொன்றும் ஒரு வண்டிப் பாரம். அதனால் இந்த ஊரில் யார் புது போன் வாங்கினாலும் மஞ்சள் குங்குமம் வைத்து என்னிடம்தான் கொண்டுவருவார்கள். முதல் கடவுச்சொல்லை நான் போட வேண்டும். துண்டை எடுத்துப் போனையும் கையையும் சேர்த்து மூடிக்கொள்வேன். உள்ளே ஒரே மந்திரம்தான். மெயிலுக்கும் அதுவே, பஸ் டிக்கெட்டுக்கும் அதுவே, பாங்கிக்கும் அதுவே, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதுவே. என்ன மந்திரம் என்று யாரிடமும் சொன்னதில்லை. வெளியே சொன்ன கைராசி பலிக்காது. போனே அதை நினைவில் வைத்துக்கொள்வதால் அவர்களும் கேட்டதில்லை.

இன்று காலை கடைக்கு முன் ஊர் கூடியிருந்தது. எல்லார் கையிலும் சிவப்புப் போன். தீமிதிக் குண்டத்தை முன்கூட்டியே பற்றவைத்த மாதிரி இருந்தது.

நல்லவேளை மௌனிகா வந்தாள். என் தங்கை மகள். காங்கயத்தில் அரிசி ஆலை ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. பெயருக்கும் வாய்க்கும் சம்பந்தமில்லை. என் போனைப் பிடுங்கி, செட்டிங்கில் உள்ளே உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“மாமா, உங்க போனுக்குள்ள ஆரும் பூந்துறலீங்க. நீங்க கணக்குத் தொறந்து வெச்ச ஏதோ ஒரு கம்பெனிய ஒடச்சு, அங்கிருந்த கடவுச்சொல்லயெல்லாம் வாரீட்டுப் போயிருக்கறாங்க. அந்தப் பட்டியல் வெளிய சுத்துது. அதுல உங்களுது இருக்குதான்னு போனு ஒத்துப் பாத்துச் சொல்லுது. அது நல்லதுக்குத்தான் கத்துது.”

எடுத்தது என் கணக்கிலிருந்து என்றால் ஊரார் போன் எதற்குச் சிவக்க வேண்டும் என்று நான் ஒரு அறிவார்ந்த கேள்வி கேட்டேன். அவள் கூட்டத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஊருக்கே ஒரே சாவியா மாமா?”

நான் மைக் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். அவசரமான ஒயர்.

ஏப்ரல் 10, வெள்ளி

மாற்றிவிட வேண்டியதுதானே என்று ஊர் கேட்கிறது. மாற்ற வேண்டுமானால் ‘பழைய கடவுச்சொல்லை இடுக’ என்கிறது போன். பழையது போனின் சொந்தக்காரர் ஒருவருக்கும் தெரியாது. ‘மறந்துவிட்டதா?’ என்று கேட்கிற பொத்தானை அழுத்தினால், மீட்பு எண்ணுக்குத் தகவல் போகிறது. எல்லாருக்கும் மீட்பு எண்ணாக என் பழைய நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். அந்த சிம் கார்டைப் போன கார்த்திகையில் ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஆட்டின் வயிற்றில் மணி அடித்ததாகக் கேள்வி.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று மௌனிகா கேட்கிறாள். சொல்ல முடியாது. காரணத்தை எழுதுகிறேன், ஆனால் பாதிதான் எழுதுவேன்.

எங்கள் வீட்டில் ஆட்சி அம்மையார் கையில். அம்மையார் என்பது என் மனைவி. பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. போன ஆடியில் ஒரு காதுகுத்து வீட்டில் நான் மைக்கில் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தேன். வானத்தில் போன விமானம் ஒன்று நின்று கேட்டுவிட்டுப் போனது. அந்த நேரம் பந்தியில் உட்கார்ந்திருந்த அம்மையார், “கெணத்துல உழுந்த எருமையாட்டக் கத்துறதப் பாரு” என்று பக்கத்து இலைக்காரியிடம் சொன்னார். பக்கத்து இலையில் என்னுடைய இரண்டாவது மைக் திறந்து கிடந்தது. கருத்து முழுதாக ஒலிபரப்பானது.

அன்று மாலையே கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மையார் என் குரலைப் பாராட்டும்வரை அவர் பெயர் என் வாயால் வராது. வந்தால் இந்த மீசையை எடுத்துவிடுகிறேன். மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வெயில் காலத்தில் இதன் நிழலில் இரண்டு கட்டுத்தரை மாடுகள் படுத்திருந்தன. அம்மையாரும் விடவில்லை. பக்கத்திலேயே இன்னொரு கற்பூரத்தைப் பற்றவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை என்னோடு நேர்ப்பேச்சு இல்லை என்றார்.

அதிலிருந்து எல்லாம் சாடைதான். “இட்லி ஆறுது, திங்கறவங்க திங்கட்டும்” என்று கிரைண்டரிடம் சொல்வார். நான் காலண்டரைப் பார்த்து, சட்னியில் உப்பில்லை என்பேன். கிரைண்டரும் காலண்டரும் நல்ல ஜோடி.

அவருக்கு இரண்டு நாளாக இருமல். எனக்கென்ன வந்தது. காங்கயம் போன வழியில் நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை சும்மா கிடந்தது. வாங்கி, மறதியாக அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

திருடனே என்னைக் கூப்பிட்டுப் பேசினான். நம்ப மாட்டீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கையலம்பும்போது அழைப்பு வந்தது. நல்ல கனிவான குரல். பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகவும், என் கடவுச்சொல் கசிந்துவிட்டதாகவும், தாமதித்தால் போன் வெடிக்கும் என்றும் சொன்னார். கண்டெடுத்தவர் நீங்கள்தானா என்று கேட்டேன். கொஞ்சம் திகைத்து, ஆமாம் சார் என்றார்.

எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. கண்டெடுத்த பொருளைப் பற்றி மைக் பிடிப்பவனிடம் சொல்பவர் அதை விவரிக்க வேண்டும். இது விழா மேடை விதி. அதன்படி, கையில் இருக்கும் கடவுச்சொல் எப்படி இருக்கிறது, எதில் ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். அதை நீங்களே சொல்லுங்கள் சார் என்றார். நான் சொன்னால் நீங்கள் ஆமாம் என்பீர்கள், அது செல்லாது என்றேன். இப்போது போனுக்கு ஒரு எண் வரும், அதைப் படித்தால் போதும் என்றார். எண்ணெல்லாம் வேண்டாம், இருபத்திரண்டாம் தேதி மாவிளக்கு, பஸ்ஸை விட்டிறங்கி வேப்பமரத்தைப் பார்த்து வாருங்கள், மேடையில் பொருளை ஒப்படைத்தால் பூசாரி கையால் துண்டு போர்த்துவோம், சாப்பாடும் உண்டு என்று அழைத்தேன். சைவமா அசைவமா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். என்னைத் தடை செய்துவிட்டிருந்தார். உலக வரலாற்றில் ஒரு திருடன் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டது இதுவே முதல் தடவை.

மௌனிகாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிஜமான எச்சரிக்கை போன் செட்டிங்கில்தான் இருக்கும், அது நம்மைக் கூப்பிட்டுப் பேசாது, எண் கேட்காது, லிங்க் அனுப்பி அழுத்தச் சொல்லாது. கேட்கிறவன் எவனும் கள்ளன் என்றாள். ஊரில் எல்லாரிடமும் இதை மைக்கில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பழனியில் மொட்டையடித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டுவிட்டு, வந்த அழைப்பைத் துண்டித்ததாகத் தகவல்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். கோயில் முன் திருவிழாக் கம்பம் நட்டாகிவிட்டது. வடை பாயசம். வடையைப் பற்றிக் காலண்டரிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்றது.

கடையில் வரிசை. ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்: சொல்ல மாட்டேன், ஆனால் துண்டுக்குள் கையை விட்டு ஒவ்வொரு போனிலும் பழையதை நானே அடிப்பேன். புதியதை அவரவர் தனியாகப் போய் அடித்துக்கொள்ள வேண்டும். வேலை சுத்தமாக நடந்தது. ஒரே ஒரு சிக்கல்: புதியதையும் நான் போட்டால்தான் ராசி என்று பாதிப்பேர் அடம்பிடித்தார்கள். மௌனிகா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, அப்படிக் கேட்டவர்களை விரட்டினாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

துண்டுக்கு மேலே என் முழங்கை அசைவதையே மௌனிகா பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆபத்தான பிள்ளை.

“நெம்ப நீளமா இருக்குதுங்களே மாமா. என்ன மந்திரமுங்க?”

பொதிகை மலையில் ஒற்றைக்காலில் நின்ற சித்தர் ஒருவர் காதில் ஓதியது என்றேன். செவ்வாய்க்கிழமை கேட்டபோது நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் கொடுத்தது என்றீர்களே என்றாள். அந்தக் கேப்டன்தான் ஓய்வு பெற்றுச் சித்தர் ஆனார் என்றேன்.

விரல்விட்டு எதையோ எண்ணினாள். பிறகு, ஆடிக்கு அப்புறம் வாங்கிய புதுப் போன்களுக்கும் அதே மந்திரம்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆடியை எதற்கு இழுத்தாள் என்று எனக்குப் புரியவே இல்லை. புரியவில்லை என்று இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

இன்றைய வரிசையின் கடைசியில் அம்மையார்.

போனை மேசைமேல் வைத்தார். அதுவும் சிவப்பு. அதில் மந்திரத்தைப் போட்டது நான்தான், அந்தக் காலத்தில் பேச்சுவார்த்தை இருந்தது. துண்டைப் போர்த்தி அடித்தேன். விரல் இரண்டு எழுத்தைச் சேர்த்து அமுக்கியது. வெயில். முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவை திறந்தது. புதியதை இடுக என்று கேட்டது. போனை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் எடுக்கவில்லை. போனைப் பார்த்துச் சொன்னார்: “எம்பட போனு. இத்தன வருசமா இதுக்குள்ள என்ன எழுதிக் கெடந்துச்சுன்னு தெரியாம புதுசு போட மாட்டேன். தொறக்கறவங்க சொல்லட்டும்.”

எதிரில் டேப் ரெக்கார்டர் இருந்தது. அதனிடம், சொல்வதற்கில்லை என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிவந்தபடியே. பத்தடி போய் இருமினார். சித்தரத்தையை யாரோ கஷாயம் வைத்துக் கொடுத்தால் தேவலை.

மௌனிகா என்னையே பார்த்தாள். கூடிய சீக்கிரம் அந்தக் கணக்குக்குள் எவனாவது பூந்துறுவான் மாமா, அத்தை போனில் பாங்கி இருக்கு, உங்க கல்யாணப் படத்திலிருந்து எல்லாப் படமும் இருக்கு என்றாள். சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான்.

ஏப்ரல் 22, புதன்

மாவிளக்கு. இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வரலாறு காத்திருக்கிறது.

காலையிலேயே ஊர் நிரம்பிவிட்டது. திருப்பூர், கோவை என்று வெளியூரில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் இறங்கியிருந்தார்கள். அவர்கள் போனும் என் கைராசிதான். அவர்கள் ஒருவரும் இன்னும் மாற்றவில்லை. உள்ளூரிலும் பாதிப்பேர் பாக்கி. பெண்கள் தலையில் மாவிளக்குத் தட்டுடன் மேளத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். நான் மேடையில். மைக் கையில்.

விழாக் குழுத் தலைவர் குழந்தைசாமி வேட்டி அவிழ ஓடிவந்தார். எங்கள் கோயிலுக்கு முகநூலில் ஒரு பக்கம் உண்டு, அதைக் கவனிப்பது அவர். அதற்கும் என் மந்திரம்தான், மாற்றலாம் மாற்றலாம் என்று சோம்பல்பட்டுவிட்டார். போனை நீட்டினார், பார்த்தேன். மாரியம்மன் படம் இருந்த இடத்தில் ஒரு வழுக்கைத் தலை. கீழே, ‘இருபது நாளில் அடர்ந்த முடி’. பொங்கல் அழைப்பு இருந்த இடத்தில் ஒரு எண்ணெய்ப் புட்டி. ஓம் சக்தி என்று எழுதியிருந்த பழைய பதிவுகளுக்குக் கீழே எல்லாம் அந்த எண்ணெய் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

செய்தி தீயாகப் பரவியது. கோயில் கணக்குக்குள்ளேயே புகுந்துவிட்டான் என்றால் அடுத்தது யார் வீடு? முந்நூறு போன் என் முகத்துக்கு நேரே நீண்டது. தொடு, தொடு, என்னுடையதை முதலில் தொடு. என் துண்டைக் காணோம். யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மௌனிகா மேடையில் ஏறினாள்.

“ஒவ்வொண்ணா அடிச்சா விடியும் மாமா. மைக்குல சொல்லுங்க. பழசச் சொன்னா அத்தன பேரும் ஒரே நேரத்துல மாத்தீருவாங்க.”

மைக்கில் சொன்னால் உலகத்துக்கே தெரிந்துவிடுமே என்றேன். கடவுச்சொல்லை வெளியே சொல்லக்கூடாது என்று நீதானே பாடம் எடுத்தாய் என்றேன். எனக்கு இருந்த ஒரே கிளை அதுதான், பிடித்துத் தொங்கினேன்.

“திருடனுக்குத் தெரிஞ்சு மாசக்கணக்காச்சு. இன்னும் தெரியாதது சொந்தக்காரங்களுக்கு மட்டுந்தான்” என்றாள். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, கூட்டத்தில் ஒரு திசையைக் காட்டினாள். “அத்தையும் இன்னும் மாத்தலீங்க மாமா.”

பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாக, தலையில் மாவிளக்கு, ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சிவந்த போன். விளக்குச் சுடரும் போன் வெளிச்சமும் சேர்ந்து முகத்தில். இருமலை அடக்குவது தெரிந்தது.

தொண்டையைச் செருமினேன். ஈரோட்டில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டது. வழக்கமான அறிவிப்புத் தோரணையில் ஆரம்பித்தேன்: அன்பார்ந்த பொதுமக்களே, கடவுச்சொல் ஒன்று களவு போயிருக்கிறது, அதன் உரிமையாளர்கள் நீங்கள் அனைவரும், அதன் அடையாளம் பின்வருமாறு. அங்கே வண்டி நின்றுவிட்டது. மேளம் நின்றது. கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்கள் நின்றார்கள். தலையைத் தூக்கி அம்மனைப் பார்த்தேன். அவள் என் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெய்வாத்தா கண்ணு,” என்றேன். “நூத்தியெட்டு. இங்கிலீசு எழுத்துல. நடுவுல எடவெளி உட்றாதீங்க.”

எட்டுக் குழாயும் சொன்னது. வேப்பமரம் சொன்னது, அரிசி ஆலைச் சுவர் திருப்பிச் சொன்னது, வட்டமலை ஏரி கடைசியாக மெதுவாகச் சொன்னது. பிறகு ஊர் சொல்ல ஆரம்பித்தது. எழுத்துக் கூட்டி அடிக்கிறபோது வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எங்கள் ஊருக்கு. பூசாரி சொல்கிறார், தெய்வாத்தா கண்ணு. பஞ்சாயத்து கிளார்க் சொல்கிறார், தெய்வாத்தா கண்ணு. பல் இல்லாத ஒரு பெரியவர் கணக்கைத் திறந்துவிட்ட சந்தோஷத்தில் மறுபடி மறுபடி சொல்கிறார். என்னையல்லாமல் முந்நூறு பேர் என் பெண்டாட்டியைக் கொஞ்சினார்கள். நான் மேடைக்கு அடியில் போய் ஆம்ப்ளிஃபயர் சூடாகிவிட்டதா என்று பார்த்தேன். நெடுநேரம் பார்த்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. சட்டை, டைரி, நான், மூவரும் மஞ்சள்.

ஊர் முழுக்க மாற்றியாகிவிட்டது. வழுக்கைத் தலையை மௌனிகா இறக்கிவிட்டாள், அம்மன் திரும்ப ஏறிவிட்டாள். எண்ணெய் வேலை செய்யுமா என்று குழந்தைசாமி தனியாக விசாரித்தார்.

மீசைப் பிரச்சனை காலையிலேயே வந்தது. கற்பூர சத்தியம். கோயிலில் கூடினார்கள். நாவிதரும் வந்துவிட்டார், பெட்டியுடன். மீசையைப் பார்த்துவிட்டு, இதற்கு என் கத்தி போதாது, மரமறுக்கிற ஆள் வேண்டும் என்றார். அவ்வளவு என்று நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்.

நான் திண்டில் உட்கார்ந்து, முகத்தை நீட்டினேன். சொன்ன சொல் தவறாதவன் நான். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கிரைண்டர் இல்லை, டேப் ரெக்கார்டர் இல்லை. நேரே என்னைப் பார்த்துப் பேசினாள்.

“ஆடிக்கு அப்பறமுங்கூட அதையேதா போட்டீங்களா?”

போட்ட மந்திரத்தை மாற்றுவது ராசியில்லை என்று ஏதோ முனகினேன்.

“அந்தக் கொரல்ல எம்பேரக் கேட்டா...” என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். கூட்டத்தைப் பார்த்தாள். “சுமாரா இருந்துச்சு.”

பாராட்டு வந்துவிட்டதா இல்லையா என்று சபையில் பெரிய வழக்கு. வந்துவிட்டது என்றால் சத்தியம் தீர்ந்தது என்று ஒரு கட்சி. பெயர் சொன்னது முதலில், பாராட்டு பிறகு, ஆகவே மீசை போக வேண்டும் என்று இன்னொரு கட்சி. சுமார் என்பது பாராட்டே அல்ல என்று மூன்றாவது கட்சி. அதில் என் சொந்த மச்சான் இருந்தான். பூசாரி அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டார். நுனி போதும் என்று வந்தது. கத்தரிக்கோலை அவள் வாங்கிக்கொண்டாள். இடது பக்கம் ஒரு நெல்மணி அளவு, வலது பக்கம் ஒரு நெல்மணி அளவு. வெட்டியதை உண்டியலில் போட்டார்கள். உண்டியல் நிறைந்து மூடி திறந்துகொண்டது.

வீட்டுக்கு வரும் வழியில் கஷாயம் குடித்தாயா என்று கேட்டேன். “மறதியா வெச்சவங்க இப்ப ஞாபகமாக் கேக்கறாங்க” என்றாள். என்னிடம்தான். பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

இறக்கிய ஒயரைச் சுற்றினேன். பகல் முழுக்கத் தூக்கம். குறட்டையைப் பற்றி நேரடியாகக் குறை சொல்லப்பட்டது.

ஏப்ரல் 27, திங்கள்

ஊர் பூராவும் பச்சை. ஒரு போனிலும் சிவப்பு இல்லை, என்னுடையதைத் தவிர. எல்லாருக்கும் மாற்றிக் கொடுத்தவன் தன்னுடையதை மாற்ற மறந்துவிட்டான். மௌனிகா திட்டினாள். சும்மா மாற்றினால் போதாது, ஒவ்வொரு கணக்குக்கும் வேறுவேறு, யாரும் யூகிக்க முடியாததாக என்று சட்டம் போட்டாள். என்னை நம்பினால் பழையதற்குப் பக்கத்திலேயே ஒரு எண்ணைக் கூட்டி வைத்துவிடுவேனாம். ஆகவே போனை அத்தையிடம் கொடுத்துவிட்டாள்.

தெய்வாத்தாள் அடுப்படியில் முறத்தைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு புதியதைப் போட்டாள். பூட்டு எண்ணும் புதிது. என்ன என்று எட்டிப் பார்த்தேன். முறத்தால் ஒரு தட்டு விழுந்தது. அவளே வைத்துக்கொள்கிறாளாம், வேண்டும்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம், வந்து திறந்து கொடுப்பாளாம்.

ஆகவே இப்போது நான் பஸ் நேரம் பார்க்க வேண்டுமானால் கூப்பிடுகிறேன். மழை வருமா என்று பார்க்கக் கூப்பிடுகிறேன். மைக் இல்லாமலே கூப்பிடுவேன், அவள் சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்து, புறங்கையால் முடியை ஒதுக்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, திறந்து கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. சரி, பத்துப் பதினைந்து.

முதல் பக்கத்தில் சொன்னதை மறக்கவில்லை. இதில் ஒருவரும் எதையும் நம்ப வேண்டாம். சேவல், வெள்ளாடு, நின்று கேட்ட விமானம், நிறைந்துபோன உண்டியல் எல்லாவற்றையும் அப்படியே எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. அந்தப் புதிய எண்ணை எனக்குச் சொல்லித் தரட்டுமா என்று நேற்று அவளே கேட்டாள். ஞாபகம் நிற்காது என்று சொல்லிவிட்டேன்.